வீட்டுக்கு வைத்த மூக்கு

தியாகதுருகம்,
பங்குனி

அன்பு மகள் எழில்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகள் இரண்டும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம், அங்கே ஜெய்சல்மேரில் நீயும் மாப்பிள்ளை செழியனும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் வாலும் சுகம்தானே. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், இந்த விஷயத்தில் அவர் தலை உருளப் போகிறது, அதனால் அவர் கரும்பு வெட்டப் போன நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. உங்கள் கம்பெனியிலிருந்து நீ அனுப்பின அச்சுகளில் ஏரி மண்ணையும் சுண்ணாம்பையும் போட்டு இடித்து வார்த்த துண்டுகள் எல்லாம் நன்றாகக் காய்ந்து, கொத்தனார் ஜெயப்பிரகாஷ் நம் தகரச் சீட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே அறையை எழுப்பிவிட்டார். போல்ட்டைப் போட்டு முடுக்கினால் சுவர் நின்றுவிடுகிறது, இரட்டைச் சுவர், நடுவில் உமி அடைத்தோம், சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சல்லடை மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், "இன்னாக்கா, பாலைவனத்து வூட்ட இங்க கட்டிகினு கீற, ஒட்டகம் எப்ப வருது" என்று கேட்டாள். வெயிலுக்கு இந்த ஊர் அந்த ஊர் என்று தெரியுமாடி என்று சொல்லி அனுப்பினேன்.

அறைக்கு மேலே, காற்றைப் பிடித்து உள்ளே இறக்க நீ வரைந்து அனுப்பின அந்தக் காற்றுக் கோபுரத்தை ஏற்றும்போது எனக்கு உன் ஐந்து வயசு ஞாபகம் வந்து, கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சித்திரை மாசத்துச் சீட்டின்மேல் அப்பா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார், சொய்யென்று சத்தம் வரும், நீ தோசை தோசை என்று குதிப்பாய். ஈரப் புடவையை வாசலில் தொங்கவிட்டு அதற்குக் கீழே உன்னைப் படுக்க வைத்து, வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள், "அம்மா, நம்ம வூட்டுக்கு வாய் கீது, கண்ணு கீது, மூக்கே இல்லியே, எப்டி மூச்சு வுடும்" என்று கேட்டாய். கேட்டதோடு நிற்காமல் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு வீடு வரைந்து அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தாய், சுவரைக் கெடுத்ததற்கு உன் முதுகில் ஒன்று வைத்தேன். கஷ்டப்பட்ட நாள்தான், ஆனாலும் நீ என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய், அதை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. நீ பெரியவளாகிப் படித்து நிஜமாகவே மூக்கு வைத்துவிட்டாய் என்று ஜெயப்பிரகாஷிடம் சொல்லிச் சொல்லி அவர் காதைத் தின்றேன்.

அதற்குள் வினை வந்தது. கோயில் தர்மகர்த்தா ராமசாமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மாரியாத்தா தலைக்கு மேல உன் வூடு நிக்கிது" என்றார். மூக்கு நாலு அடுக்கு, நம் கோயில் கலசத்தைவிட ஒரு அடுக்கு ஜாஸ்தி. கோயிலைவிட உசந்து கட்டக் கூடாதென்று பாலைவனத்தில் உனக்கு யார் சொல்வார்கள், எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். சிமெண்டுச் சுவராக இருந்தால் இடித்திருப்போம், போல்ட்டு என்பதால் மேல் அடுக்கை மட்டும் கழற்றி இறக்கினோம். எனக்குக் கவலை உன்னைப் பற்றித்தான். உன் மாமியார் குஞ்சம்மாள் புதுச்சேரியில் ஏசி அறை இருக்கிறது, பிரசவம் அங்கேயே ஆகட்டும் என்கிறார், நீயும், "அந்தச் சீட்டு வூட்ல புள்ளய எப்டிம்மா படுக்க வெக்கிறது" என்று கேட்டுவிட்டாய். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. இந்த அறை குளிர்ந்தால்தான் நீ வருவாய், மூக்கை அறுத்த பிறகு அது எங்கே குளிரப் போகிறது.

பயந்தபடியே ஆனது. நீ சொன்ன மாதிரி மூக்குக்கு நேர்கீழே பெரிய பானையில் தண்ணீர் வைத்தும் ஒரு பொட்டுக் காற்று இல்லை, அறை நெல் அவிக்கிற மாதிரி புழுங்கியது. நேராகக் கோயிலடிக்குப் போய், "ஆத்தாளுக்கு மட்டுந்தான் காத்து வேணுமா, என் பேரப்புள்ளைக்கு வேணாமா" என்று ராமசாமியைப் பிடித்துக் கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அறைக்குத் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அப்போது மேலிருந்து ஒரு வைக்கோல் மடியில் விழுந்தது. மூக்கறுந்ததிலிருந்து நான் அண்ணாந்தே பார்க்கவில்லை. ஜெயப்பிரகாஷை ஏணியில் ஏற்றினால், மூக்குக்குள் சட்டை போட்டுக்கொண்டு, முறுக்கு மீசையோடு திருஷ்டிப் பொம்மை. உன் அப்பா சின்னக்கண்ணு செய்த வேலை. வாசலில் கட்ட வேண்டியதை, "ஊர்க்கண்ணு மூக்குமேலதான படுது" என்று கொண்டுபோய் அதற்குள்ளேயே அடைத்திருக்கிறார்!

பொம்மையை இறக்கினதுதான் தாமதம், உச்சி வெயிலில் காற்று இறங்கியது பார், ஈர மண் வாசனையோடு என் கழுத்து வேர்வை ஆறிப்போனது. மூன்று அடுக்கே போதும், உன் படிப்பு என்ன சொல்கிறதோ நீ பார்த்துக்கொள். ஆடுகள் வேப்பமரத்தடியை விட்டுவிட்டு இங்கே வந்து படுக்கின்றன, விரட்டி மாளவில்லை. வீணாகக் கத்தினதற்கு ராமசாமி வீட்டுக்குப் பாயசம் கொண்டுபோனேன், குடித்துவிட்டு, "பொண்ணு எப்ப வருது" என்று மட்டும் கேட்டார். கழற்றின அடுக்கைக் கோயில் வாசல் வேப்பங்கன்றுக்குக் கூண்டாக வைத்துவிட்டோம்.

நேற்று தூளி கட்டிப் பார்த்தேன். வெறும் தூளி ஆடக் கூடாதே, அம்மிக்குழவியைத் துடைத்து உள்ளே படுக்க வைத்தேன். குழவி அசையவில்லை, புடவைத் தலைப்பு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. சம்பந்தியம்மாளிடம் நானே பேசுகிறேன். டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்பு, இரும்பு மாத்திரையைக் குப்பையில் போடாதே. பச்சையம்மாள் கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவந்திருக்கிறாள், அது உனக்கு மட்டும், பிள்ளை நாக்கில் தடவக் கூடாதென்று நர்சம்மா சொல்லிவிட்டாள்.

மாரியாத்தா உன்னையும் மாப்பிள்ளையையும் வரப்போகிற உயிரையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வைத்திருக்கட்டும். ஒன்று மறந்துவிட்டேன், அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஐந்து வயசுக் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியோ படமோ எதுவும் மாட்டக் கூடாது என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கரித்துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை அடிக்க மாட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா இருசம்மாள்