கேட் வந்ததும் நின்ற படம்

மச்சான்,

இன்று காலையும் கம்பெனி பஸ் கேட்டுக்குள் திரும்பியதும் டிரைவர் அண்ணன் டி.வி.யை அணைத்துவிட்டார். திரையில் ஒருத்தனை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது, அதோடு கறுப்பு. குன்றத்தூரில் ஏறி ஒரகடத்தில் இறங்குவதற்குள் எந்தப் படமும் முடிந்ததில்லை என்று உனக்குத் தெரியும். எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது, முன் சீட்டு செல்வி அக்கா திரும்பி என்னைக் கேட்டார்.

"தம்பி, நீதான் தேட்டர்ல பாத்துட்டியே. அந்தப் பையன் பொழைச்சானா?"

பதில் எனக்குத் தெரியும். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் படத்தைத் திட்டித் தீர்க்க வேண்டும். திட்டினால் கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

ஹீரோவுக்கு ஒரு கூட்டாளி. முதல் பாதி முழுக்க அவன்தான் சிரிக்க வைக்கிறான், பரோட்டா வாங்கிக் கொடுக்கிறான், காதலுக்குத் தூது போகிறான். "அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம்டா" என்று அவன் சொன்ன நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் காலி. ஸ்ட்ரெச்சரில் போன அந்தப் பையன் அவன்தான். நெஞ்சில் குண்டு பாய்ந்து, ஆபரேஷனும் கைவிட்ட பிறகு, ஹீரோ மடியில் சாய்ந்து, ஒரு பாட்டு நேரத்துக்கு மூச்சு வாங்காமல் நட்பைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் சாகிறான். நுரையீரல் ஓட்டையாகிப் போனவன் இவ்வளவு தெளிவாகப் பேசுவானா? பிறகு ஹீரோவுக்குத் தாடி வளர்கிறது, கையில் அரிவாள் வருகிறது. செத்தவன் பெயரைக்கூட அதற்குப் பிறகு ஒருத்தரும் சொல்வதில்லை. அவனுடைய அம்மா என்ன ஆனாள் என்று ஒரு ஷாட் இல்லை. இடைவேளைக்கு ஒரு சாவு தேவைப்பட்டது, அதற்கு ஒருத்தனை வளர்த்து வெட்டியிருக்கிறார்கள், கெடா மாதிரி.

நிஜத்தில் கூட்டாளி செத்தால் தாடி வளர்வதில்லை, மச்சான். அடுத்த திங்கள் காலை ஷிஃப்ட் வருகிறது. ஷேவ் பண்ணிக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

நீ போன பிறகு பார்த்த மற்றதெல்லாம் இதைவிட மோசம். ஒரு படத்தில் ஹீரோ இன்ஜினியராம். வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார், பின்னால் காரணமே இல்லாமல் தீப்பொறி பறக்கிறது. கண்ணாடி போடாமல் வெல்டிங் பண்ணுகிறார். நம் சேஃப்டி ஆபீசர் பார்த்திருந்தால் இடைவேளையிலேயே மெமோ கொடுத்திருப்பார். இன்னொரு படம் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு, கடைசியில் "மீதி அடுத்த பாகத்தில்" என்கிறது. பாதி வேலை முடிந்த பாகத்தை நான் அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளினால் விடுவார்களா? நல்ல படம் என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்த ஒன்றையும் பார்த்தேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஒருவர் அதைப் பார்க்கிறார், நாம் அவரைப் பார்க்கிறோம். தூங்கிவிட்டேன்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் குறுக்கே வந்திருப்பாய். "நிறுத்துடா. நீ படம் பாக்க வந்தியா, அளக்க வந்தியா?"

அளக்கத்தான். என் வேலையே அதுதானே. இன்ஸ்பெக்ஷன் மேஜையில், அளவு பார்க்கும் கேஜ் பாகத்தின் துளைக்குள்ளே போனால் பாஸ், போகாவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டித் தொட்டியில் போடுவேன், பேச்சுக்கு இடமில்லை. அந்தச் சிவப்புத் தொட்டியிலிருந்து பாகங்களைப் பொறுக்கிக்கொண்டு போய், ரீவொர்க் பெஞ்சில் பிசிறு தட்டி, மறுபடி துளைத்து, தேறுவதைத் தேற்றி என்னிடமே திருப்பி அனுப்புவது உன் வேலை. நான் ஸ்கிராப்புக்கு எறியப் போனதை எத்தனை தடவை கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாய்! "எறியாத. எடுத்து வை. பாக்கலாம்." சில சமயம் நீ திருப்பி அனுப்பியதும் தேறாது. அப்போதும் உனக்கு வெட்கமே இருக்காது.

படத்துக்கும் அதேதான். ஞாயிறு மேட்னி முடிந்து டீக்கடைக்கு வந்தால் நான் மொத்தப் படத்துக்கும் சிவப்புச் சீட்டு கட்டுவேன். நீ கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, "அந்த அக்கா கேரக்டரை முன்னாடியே கொண்ணாந்திருந்தான்னா படம் நின்னிருக்கும்" என்று ஆரம்பிப்பாய். டீ ஆறுவதற்குள் வேறு ஒரு படம் ஓடியிருக்கும். பெரும்பாலும் அதுவும் சுமார்தான். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாய்.

அந்தப் பழக்கத்தை நீ பஸ்ஸுக்கும் கொண்டுவந்தாய். கேட் வந்து டி.வி. அணைந்ததும் எழுந்து நின்று, இறங்குகிற வரிசை நகர்வதற்குள் கிளைமாக்ஸைச் சொல்லி முடிப்பாய். பார்த்த படமா, பார்க்காத படமா என்ற கவலையே கிடையாது. ஊரையே அடித்து உலையில் போட்ட வில்லனை, கடைசியில் ஹீரோவுடைய அக்கா நடத்தும் மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்க வைத்தாய். செல்வி அக்கா அதை நம்பி வீட்டில் சொல்லி, பொங்கலுக்கு டி.வி.யில் அந்தப் படம் வந்தபோது வில்லன் சுடப்பட்டுச் செத்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாகக் கத்தினார்.

"டி.வி.காரன் கடைசில வெட்டிட்டான்பா! சாம்பார் சீனே காணோம். எங்க வூட்டுக்காரு என்னைப் பொய்க்காரின்றாரு."

"அது சென்சார்ல போயிருக்கும்க்கா" என்றாய், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். பஸ்ஸே உருண்டு சிரித்தது. அக்காவுக்கு மட்டும் இன்றுவரை புரியவில்லை. அல்லது புரிந்தும் உன் முடிவுதான் பிடித்திருந்ததோ என்னவோ.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டாய். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்குள் நீ கேட்டாய்.

"இன்னா படம் போட்டுக்கீறாரு?"

"குப்பை."

"குப்பைன்னா எறிஞ்சிடாத. எடுத்து வை. வந்து பாக்கறேன்."

அவ்வளவுதான். நட்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மடியில் சாய்தல் இல்லை, பின்னணி இசை இல்லை. நீ வரவில்லை. இதை எந்த டைரக்டராவது எடுத்திருந்தால், "என்னடா, பாதியில் அறுந்த மாதிரி இருக்கிறது" என்று முதல் ஆளாய்ச் சிவப்புச் சீட்டு கட்டியிருப்பேன். இதை யாரிடம் கொடுத்துத் திருத்துவது?

நீ போன பிறகும் டி.வி. அணைந்ததும் எல்லாரும் பழக்கத்தில் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள், உன் பக்கத்து சீட்காரன் என்பதால். "ஹீரோ ஜெயிப்பான், வேறென்ன" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். இன்றுதான் அக்கா மறுபடி கேட்டார். அதுவும் இந்தப் படத்தை. அதுவும் இந்தக் கேள்வியை.

வரிசை நகர்ந்தது. அக்கா நகரவில்லை. டிபன் கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொழைச்சிட்டான்க்கா" என்றேன்.

"அதானே! சாவற மூஞ்சா அது?"

பெயிண்ட் ஷாப் குமார் பின்னாலிருந்து விடவில்லை. "டேய், அவன் பொழைச்சிட்டா ஹீரோ யாரைப் பழி வாங்குவான்? மீதிப் படம் இன்னா?"

நியாயமான கேள்வி. எனக்கு உன்னைப் போல அள்ளிவிட வராது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மீதி… ரெண்டு பேரும் பஸ்ல போய்க்கினு, பாத்த படத்தைப் பத்திச் சண்டை போட்டுக்கினு இருப்பானுங்க. கடைசி வரைக்கும் அவ்ளோதான்."

"தூ! இதெல்லாம் ஒரு படமா?" என்றான் குமார்.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, "சும்மா டிக்கெட் குடுத்தாகூட நான் வரமாட்டேன்பா" என்றார்.

அக்கா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். இந்நேரம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே கதையைச் சொல்லியிருப்பார். அந்தப் பையன் அங்கே பிழைத்திருப்பான். தீபாவளிக்கு டி.வி.யில் படம் வரும், அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை வரும், மறுநாள் என்னிடம் வந்து கத்துவார். சென்சார் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கேஜ் போகாத ஒன்றை இன்றுதான் முதல் தடவையாகப் பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை. அந்த டைரக்டர் மேல், கொசு மேல், பாதியில் எழுந்து போன உன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். குப்பை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எறிய மாட்டேன். எடுத்து வைக்கிறேன்.