ஸ்டெல்லா கேட்ட சங்கப் புத்தகம்

பிப்ரவரி 4, 1974, திங்கள்
காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. குழாயடியில் கேட்டார்கள், மறுபடியும் சொன்னேன். பெரிய பேத்தி ஸ்டெல்லா எம்.ஏ., கான்வென்ட் சிஸ்டர்மார் தயவில் அயர்லாந்து தேசம் டப்ளினில் மேல்படிப்பு. பேரன் அருள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனியில் டர்னர், போன மாசம் பர்மனென்ட். கடைக்குட்டி ராணி மூணாம் வகுப்பு, கணக்கில் நூற்றுக்கு நூறு. எல்லாம் அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோன இந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள்.
கன்னியம்மா உடனே, "இன்னா ஆயா, நேத்து தொண்ணூத்தெட்டுன்னியே?"
ரெண்டு மார்க்கில் என்ன வந்தது இவளுக்கு.
மத்தியானம் ஸ்டெ. கடிதம். முட்டி வலி.

பிப். 5
மூன்று தடவை படித்தேன். அந்த ஊர்த் தொழிற்சங்கங்களின் பழைய காகிதமெல்லாம் ஒரு கட்டடத்தில் பத்திரமாம். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். இவள் பார்த்து எழுதுவது:
மினிட் புத்தகம்
கதவடைப்பு நோட்டீஸ்
உறுப்பினர் சீட்டு
ஜெயிலிலிருந்து வந்த கடிதம்
ரொட்டி சுடுகிறவர்கள் சங்கத்துக்கு மட்டும் கூட்டத்தில் பேசினதை எழுதிவைக்கிற மினிட் புத்தகம் இல்லை. பட்டாளம் சோதனைக்கு வந்தபோது செயலாளர் பெண்டாட்டி அடுப்பில் போட்டுவிட்டாளாம். "படிக்காத பொம்பளை, ஒரு சரித்திரத்தையே எரிச்சிட்டா ஆயா" என்று எழுதியிருக்கிறாள். அந்தம்மா இன்னும் உயிரோடுதான், எண்பது தாண்டி. மாசக் கடைசியில் நேரில் போய் ஏன் எரித்தாய் என்று கேட்கப்போகிறாளாம்.
அதற்குக் கீழே: தாத்தாவின் இரும்புப் பவுண்டரி சங்க மினிட் புத்தகத்தை அனுப்பு, புரொபசரிடம் சொல்லிவிட்டேன்.
என் வாய்தான். அவளை வழியனுப்பின அன்று அத்தனை பேர் எதிரில் பீற்றிக்கொண்டேன், அந்தப் புத்தகம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, திரும்பி வந்து அதையும் எழுது என்று. பெட்டியில் இருப்பது கல்யாணப் புடவை, அந்துருண்டை.

பிப். 6
மகன் தாஸ் வேலைக்குக் கிளம்பும்போது, "சாவி குடும்மா, பார்சல் கட்டிடறேன்."
"பூட்டு துருப்புடிச்சிக்கீதுடா."
"எண்ணெ உடு."
"உடறேன், நீ போ. ரயிலு போயிடும்."
விட்டேன். பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் இந்த வயசில் பொய். அலுப்பாக இருக்கிறது.

பிப். 7
தாஸ் டீக்கடையில் சொல்லிவிட்டான் போல. சின்னப்பன் வந்துவிட்டார். என் வீட்டுக்காரரோடு பவுண்டரி உலையில் வேலை பார்த்தவர், கைநாட்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.
"அண்ணி, புக்கு கப்பல் ஏறுதாமே? அதுல ரெண்டாம் பக்கத்துல என் கட்டைவிரல் கீது. நானு கடம்பத்தூர உட்டா மெட்ராஸு, அத்தோட சரி. என் விரலு டப்ளின் பாக்கப் போவுது பாரு!"
காபி கொடுத்து அனுப்பினேன். போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனார்.

பிப். 8
இந்த நோட்டை யாரும் தொடுவதில்லை. எழுதிவிடுகிறேன்.
என் வீட்டுக்காரர்தான் சங்கச் செயலாளர், ஆனால் கையெழுத்து போட மட்டும் தெரியும். கூட்டத்தில் பேசினதை வந்து சொல்வார், நான் எழுதுவேன். கைரேகை பக்கத்தில் பேர் எழுதினதும் நான். மொத்தம் 61 பேர். ஸ்டிரைக்கில் ஒரு மத்தியானம் கம்பெனி கேட்டிலேயே இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ரெண்டு போலீஸ் என் வாசலில், சங்கத்துப் புக்கு எங்கே என்று. அந்தப் பேர்கள் கையில் கிடைத்தால் 61 பேருக்கும் கேஸ், அதோடு வேலையும் போகும். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் புக்கைச் சோற்றுப் பானைக்குக் கீழே அடுப்பில் சொருகினேன். காலிகோ துணி ஒட்டின அட்டை லேசில் பற்றவில்லை. ஊதாங்குழல் எடுத்து ஊதினேன். ஒருத்தர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.
இவர் ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் புக்கு மெட்ராஸ் வக்கீலிடம் இருக்கிறது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். வக்கீல் செத்தபிறகு, நம்மிடம் வந்துவிட்டது என்றார். ஏன் எரித்தாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிவரை.
இப்போது ஒருத்தி கேட்கப்போகிறாள். என்னை இல்லை, அந்தம்மாவை.

பிப். 9, சனி
கடிதம் போய்ச்சேர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். இன்றே போட்டால்தான் ஸ்டெ. கிளம்புமுன் கிடைக்கும். போஸ்டாபீஸ் போனேன். வெளிநாட்டுக்குப் போடுகிற நீலத் தாள் ஒன்று வாங்கி, அங்கேயே எழுதினேன்.
சின்னப்பன் பின்னாலேயே. "பார்சல் எங்க அண்ணி?"
சொல்லிவிட்டேன். அடுப்பு, பானை, எல்லாம்.
அப்புறம், "அப்போ எங்க பேர காப்பாத்துனது வக்கீலு இல்லியா?"
"இல்ல."
"அடப்பாவி மனுசா! வருசா வருசம் பொங்கலுக்கு ஆளுக்கொரு சீப்பு வாழப்பழம் எட்துக்கினு மெட்ராஸ் போனமே! அந்தாளும் சிரிச்சிக்கினே வாங்கிக்கினாரே!"
கவுண்டரில் இருந்தவர் அதட்டினார். சின்னப்பன் கேட்டால்தானே. மை டப்பாவில் கட்டைவிரலை ஒத்தி, என் தாளின் ஓரத்தில் வைத்துவிட்டார். பக்கத்தில் பேர் எழுதினேன். பழக்கம்.

எழுதினது இவ்வளவுதான்:
புஸ்தகம் இல்லை. நானும் எரித்தேன். படித்தவள்தான், அஞ்சாவது. அந்தம்மாவிடம் ஏன் எரித்தாய் என்று கேட்காதே. யார் யார் பேர் இருந்தது என்று கேள், பென்சிலால் எழுதிக்கொள். என்னிடமும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், 53 பேர் ஞாபகம் இருக்கிறது. கையோடு பழம் ஏதாவது வாங்கிப் போ. போய் அவங்க பக்கத்தில் உட்கார்ந்து, ரெண்டு பேரும் தெரிகிற மாதிரி புதுசாய் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு.