ஞாயிற்றுக்கிழமை மழை

வில்லியனூர் கொம்யூன்
ஈசுவர வருஷம் புரட்டாசி 5

சௌபாக்கியவதி மகள் கனகாம்பாளுக்கு அப்பா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. தெய்வ கிருபையால் நானும் உன் அம்மாவும் தம்பி தங்கவேலுவும் சௌக்கியம். சைகோனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பது உன் கடிதத்தில் கண்டு சந்தோஷம். குழந்தைக்குப் பல் முளைத்த சேதியை உன் அம்மா மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, தைலம் தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டுகிறாள், திட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. போன இரண்டு கடிதத்திலும் காசம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். உன்னோடு ஒன்றாக வளர்ந்தவளைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே அம்மா, எழுத வெட்கமாக இருந்தது.

இந்த வருஷம் ஆனியும் ஆடியும் நம்மைக் காயப்போட்டுவிட்டன. மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடும், கருக்கும், இதோ கொட்டப் போகிறது என்று பார்த்தால் நம் தலையைத் தாண்டிப் போய்விடும். விதைநெல்லைப் பானையிலேயே வைத்துக்கொண்டு எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். ஆடிக் கடைசியில் ஊர் கூடிக் கொடும்பாவி இழுத்தார்கள். நீயும் சின்ன வயதில் பார்த்ததுதான், வைக்கோலால் பாவி உருவம் கட்டித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, எல்லையில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். ஆனால் அந்த உருவத்துக்கு ஒருநாளும் யாரும் பெயர் வைத்ததில்லை. இந்தத் தரம் வைத்தார்கள். காசம்மாள் புருஷன் செத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அவள் பிழைப்புக்காகப் புதுச்சேரி ஆலைக்கு நூல் நூற்கப் போனாள். தாலி அறுத்தவள் தலைவாரி, கலர்ச் சேலை கட்டிக்கொண்டு போகிறாள், வானம் எப்படிப் பெய்யும் என்று பேச்சு. உருவத்துக்கு ஒரு கலர்ச் சேலையைச் சுற்றி, அவள் வாசலில் நிறுத்தி, "எல்லாம் உன்னாலதான்டி" என்று உருவத்தை இழுத்து வந்த பச்சையப்பன் கத்தினான். உன் தம்பியும் அதே ஆலைக்குத்தான் போகிறான், அவனை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது வியாழக்கிழமை. மறுநாள் காலையில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கரியமாணிக்கத்தில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. "பாத்தியா, அவ போனா, வானம் தொறந்துச்சு" என்று ஊரே சொன்னது. பதினோரு மில்லிமேத்தர். அளந்து எழுதியவன் நான்தான்.

இப்போது வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். கொம்யூன் கச்சேரி உத்தியோகத்தில் மழை அளக்கும் பித்தளைக் குழாய் என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். ஆடி பிறந்தபோதே நோட்டைப் புரட்டினேன். சித்திரை பிறந்ததிலிருந்து அதுவரை மழை விழுந்தது ஆறே நாள். அதில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை, மற்றொன்று பிரெஞ்சுக்காரரின் ஜூலை பதினாலு பண்டிகை நாள். ஆறு நாளும் ஆலை மூடிய நாள். மற்ற நாளெல்லாம் மத்தியானக் கடற்காற்று ஆலைப் புகையை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும், குழாயில் நாலு தூறல் விழுந்தாலும் அடியில் கரி படிந்திருக்கும். புகை மழையைக் கெடுக்குமா என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, நிச்சயமென்று சொல்லவும் மாட்டேன். ஆனால் அது காசம்மாள் இல்லை என்பது நிச்சயம். அவள் வாசலில் உருவம் நின்றபோது கூட்டத்தில் நானும் நின்றேன், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு. சொன்னால் சிரிப்பார்களே என்று ஒரு பயம், ஆலையைக் குற்றம் சொன்னால் தங்கவேலு வேலைக்கு உலை வைப்பார்களே என்று ஒரு பயம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஊருக்கெல்லாம் பழமொழி சொல்லுகிறவன் நான். "அப்ப வாயத் தொறக்காதவரு இப்ப இன்னாத்துக்கு நோட்டப் பொரட்டுறீங்க" என்கிறாள் உன் அம்மா. அவள் கேட்பது நியாயம்.

மனசு கேட்காமல் பத்து நாளைக்கு முன்பு நோட்டை எடுத்துக்கொண்டு கரியமாணிக்கம் போனேன். காசம்மாள் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தாள். தேதியெல்லாம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் பாவி இல்லன்னு எனக்குத் தெரியாதா மாமா? இத எங்கிட்ட வந்து இன்னாத்துக்குப் படிக்கிறீங்க? ஊருல படிங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்து சேர்ந்தேன். முந்தாநாளுக்கு முன்நாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் ஊரே கூடியிருந்தது, நோட்டு என் மடியில் இருந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் அம்மா.

குழந்தையை ஈரத்தில் விடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல். மகாலட்சுமியைப் போலத் தீர்க்க சுமங்கலியாக இரு. பதில் எழுதும்போது சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் பிறகு இருக்கட்டும், முதல் வரியில் "ஊரில் படித்தீர்களா" என்று கேள். உன் கடிதம் கப்பலேறி வந்து சேருவதற்குள் கோயிலில் ஊர் கூடும் சனிக்கிழமை இன்னும் மூன்று இருக்கிறது. அதற்குள் படிக்கவில்லை என்று நான் பதில் எழுதினால், காசம்மாளுக்கு நீயே ஒரு கடிதம் போடு, அதில் என்னை உன் அப்பா என்று எழுதாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சாமிநாதன்