உள்ளூரில் பிறந்த வெளிநாட்டு மாணவி

அனுப்புநர்:
இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி (பதிவு எண் 3117),
பன்னாட்டு உறவுகள் துறை.
(தங்கள் அலுவலகப் பதிவேட்டின்படி: வெளிநாட்டு மாணவர் எண் 14)

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம், இரண்டாம் மாடி.

பொருள்: இதே ஊரில் பிறந்து வளர்ந்த என்னை வெளிநாட்டிலிருந்து வந்தவளாகப் பதிவு செய்திருப்பதைத் திருத்தி, வரும் 16ஆம் தேதி நண்பகலுக்குள் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுமதிக் கடிதம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். நம் பல்கலைக்கழகத்தின் அயலகக் கல்விப் பிரிவு ஆண்டுதோறும் இரண்டு மாணவர்களை அரையாண்டுக் காலம் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்கள் போய்ப் படிக்கும் ஊரில், ஒரே ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் மூன்று நாடுகள் கூடிப் பேசும் ஆணையம் ஒன்று இருக்கிறது. போகும் மாணவர் அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம். கடைசி வரிசை என்பது பெரிய பதவி இல்லைதான். ஆனால் என் பாடப்புத்தகத்தில் ஏழு பக்கத்தில் முடிந்துபோகிற விஷயத்துக்காக ஆட்கள் நேரில் உட்கார்ந்து மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசைப்பட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்ததில் நானும் தேர்வானேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

2. அடுத்த வாரம் அதே பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "எங்கள் நாட்டுக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று தொடங்கியது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படியும், சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கும்படியும், இங்குள்ளவர்கள் உரக்கப் பேசினால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அதில் அறிவுரை இருந்தது. எல்லோருக்கும் அனுப்புகிற பொதுக் கடிதம் போலும் என்று மடித்து வைத்துவிட்டேன். அன்றே ஓடி வந்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.

3. மறுநாள் என் வகுப்புத் தோழி கழுத்தில் புது அடையாள அட்டையோடு வந்து நின்றாள். மூன்று வருடமாக நானும் அவளும் ஒரே பெஞ்சு. வெளிநாட்டு மாணவர் எண் 14-க்கு வழிகாட்டியாக அவளை நியமித்திருக்கிறார்கள். வழிகாட்டினால் இரண்டு மதிப்பெண் உண்டு என்பதால் அவள் என்னை விடுவதாக இல்லை. வகுப்பறை, ஆய்வகம், குடிநீர்க் குழாய் என்று ஒன்று பாக்கியில்லாமல் காட்டினாள். "இதுதான் நூலகம். இங்க சத்தம் போடக் கூடாது" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். அதே இடத்தில் சத்தம் போட்டதற்காக எங்கள் இருவரையும் சேர்த்து வெளியே அனுப்பியது சென்ற ஆண்டுதான்.

4. வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளூர் மொழியில் தொடக்க நிலை வகுப்பு கட்டாயம். போகாவிட்டால் மற்ற தேர்வுகளையும் எழுத முடியாது என்றார்கள். போனேன். ஐம்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறேன். 'கடையில் விலை கேட்டல்' பகுதியில் தேவைக்கு மேல் பேரம் பேசியதற்காக ஐந்து மதிப்பெண் போயிற்று. பிறகு 'மழை பொழிகிறது' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ழகரத்துக்கு நான்கு மதிப்பெண் குறைத்து, 'முயற்சி பாராட்டத்தக்கது' என்று ஆசிரியர் அடியில் எழுதியிருக்கிறார். வகுப்பில் முதலிடம் மாணவர் எண் 9-க்கு. அவர் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. இது குறித்து எனக்குத் தனியாக ஒரு மனக்குறை உண்டு. அதை இந்த மனுவில் சேர்த்துக் குழப்ப விரும்பவில்லை.

5. இதற்கிடையே பிரிவு எழுத்தரை நான்கு முறை நேரில் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் முடியாது என்றார். "ஒருத்தரே ரெண்டு பட்டியல்லயும் இருக்க முடியாதும்மா. வந்தவங்க பட்டியல்லேர்ந்து உங்களை எடுக்கணும்னா, நீங்க உங்க நாட்டுக்குத் திரும்பிப் போனதா பாஸ்போர்ட்ல முத்திரை வேணும்" என்றார். இதுதான் என் நாடு என்று தெரிவித்தேன். "அப்ப திரும்பிப் போறது இன்னும் சுலபமாச்சே" என்றார். பன்னாட்டு உறவுகளை மூன்று வருடம் படித்த நான் இதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அதாவது, நான் போக வேண்டுமானால் வந்தவர் பட்டியலிலிருந்து என் பெயர் நீங்க வேண்டும். அது நீங்க வேண்டுமானால் நான் ஏற்கெனவே போயிருக்க வேண்டும்.

6. நான்காம் முறை போனபோது, பொறுமை இழந்து அவர் என் விண்ணப்பத்தையே கோப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். வருபவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே படிவம்தான். ஆறாம் கேள்வி: 'வருகிறேன் / போகிறேன் (பொருந்தாததை அடிக்கவும்)'. அதில் 'போகிறேன்' என்பதை நான் ஸ்கேல் வைத்து, நேர்கோடாக, இரண்டு முறை அடித்திருக்கிறேன்.

7. ஐயா, இதை மறைப்பதில் பயன் இல்லை. அந்தப் படிவத்தை நான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினேன். எதிரில் அம்மா உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குக் கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு எழுதுவார், ஒரு பெயர் பிசகாது. படிவம் என்றால் அவர் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். நான் 'வருகிறேன்' என்பதை அடிக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "போறேன்னு எழுதாத. கிளம்பறப்ப யாராவது போறேன்னு சொல்வாங்களா? வரேன்னு எழுது" என்றார். அது எங்கள் இருவருக்குமே சரியாகத்தான் பட்டது. தாங்களும் இன்று காலை வீட்டிலிருந்து புறப்படும்போது 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதற்காகத் தங்களை யாரும் விருந்தாளியாகப் பதிவு செய்யவில்லை.

8. இதைக் கேட்டதும் எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். ஆனால் பதிவைத் திருத்தும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டாம். இந்த மனுவை எழுதச் சொன்னவரும் அவரே. 16ஆம் தேதி நண்பகலுக்குள் தங்கள் கையொப்பமிட்ட கடிதம் போய்ச் சேராவிட்டால் அங்கே என் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி விண்ணப்பிக்க எனக்கு இன்னோர் ஆண்டு கிடையாது. படிப்பு முடிந்துவிடும்.

9. நடந்ததை அம்மாவிடம் சொன்னபோது சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் ஒரு வார்த்தையால் பெண்ணின் இடம் போய்விட்டதே என்று பயந்துபோனார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

10. பாஸ்போர்ட் முத்திரை இல்லாமல் பதிவைத் திருத்த, மாணவர் வருகிறாரா போகிறாரா என்று பெற்றோர் தம் கைப்பட எழுதித் தர வேண்டும் என்பது விதி. நேற்று அம்மா அரை நாள் விடுப்பு எடுத்து அயலகக் கல்விப் பிரிவுக்கே வந்தார். எழுத்தர் பேனாவைக் கொடுத்தார். இருநூறு சீட்டு எழுதுகிற கை அந்த ஒரு வரிக்கு முன்னால் நின்றுவிட்டது. நானும் எழுத்தரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் 'என் மகள் போகிறாள்' என்று எழுதிக் கையொப்பம் இட்டார். என் வாழ்நாளில், கிளம்புகிற ஒருவரைப் பற்றி அவர் வாயிலிருந்தோ கையிலிருந்தோ அந்தச் சொல் வந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே, எண் 14-ஐப் பட்டியலிலிருந்து நீக்கி, போகிறவர்களுக்கான அனுமதிக் கடிதத்தில் 16ஆம் தேதி நண்பகலுக்கு முன் கையொப்பமிட்டு உதவுமாறு வேண்டுகிறேன். என் அம்மா எழுதிய அந்த வரி வீணாகிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பதிவு எண் 3117

இடம்: நூலகம், முதல் மாடி
நாள்: 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

இணைப்பு:
அ) விண்ணப்பத்தின் நகல், ஆறாம் கேள்வி உட்பட.
ஆ) அம்மாவின் உறுதிமொழி, ஒரு வரி. அதன் கீழே பென்சிலில் 'வந்துடுவா' என்று இருக்கிறது. அது விதிப்படி செல்லாது என்று அறிவேன். அதை மட்டும் அழிக்காமல் விடவும்.