சந்தனம் வைத்த டிஸ்க்

மைசூர்
வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை

சிரஞ்சீவி மாதவுக்கு,

சந்தனம் மின்சாரத்தைக் கடத்துமா? இருபது வருஷமாகக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன், எனக்குத் தெரியவில்லை. காய்ந்த சந்தனம் கடத்தாது என்று வகுப்பில் அடித்துச் சொல்லிவிடுவேன்; பன்னீர் விட்டுக் குழைத்ததைப் பற்றியும் அதன்மேல் வைத்த குங்குமத்தில் இருக்கும் சுண்ணாம்பைப் பற்றியும் உறுதியாகச் சொல்லத் தைரியமில்லை. பயப்படாதே, நான், அப்பா, உன் தங்கை மேதா மூவரும் சுகம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ நண்பனிடம் கொடுத்தனுப்பிய வீடியோ கேம் பெட்டியும் வெளி டிஸ்கும் புதனன்று வந்து சேர்ந்தன. கூட இருந்த குறிப்பையும் படித்தேன். நீ உருவாக்கிய ஆட்டம் இன்னும் கடைக்கு வராதது, அதனால் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது, பெட்டியிலிருந்து டிஸ்குக்குக் கரண்ட் போகாது, அதற்குத் தனி அடாப்டர், இரண்டுக்கும் 110 வோல்ட்தான், முதலில் டிஸ்க், பிறகு பெட்டி, எல்லாம் புரிந்தது. எதிர்வீட்டு சந்துரு, நஞ்சன்கூடு ஃபாக்டரியில் இருக்கிறானே, அவன் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அம்மிக்கல் கனம். "அந்த அமெரிக்கா அடாப்டரை நேரா சுவத்துல சொருகிடாதீங்கம்மா, தீபாவளி இன்னிக்கே வந்துரும்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

என் மனசில் நின்றது உன் குறிப்பின் கடைசி இரண்டு வரிதான். அப்பா ஆடிப் பார்த்துவிட்டு இதெல்லாம் ஒரு வேலையா என்று சொன்னால், அவர் விருப்பப்படி பாங்க் சாஃப்ட்வேர் வேலைக்கே அப்ளிகேஷன் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை அப்பாவும் படித்தார். தன் ரயில்வே ஆபீசில் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்பவர். எனக்கும் இதில் சந்தேகம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

நேற்றே மாட்டலாம் என்றேன். "நாளைக்கு ஆயுத பூஜை, முதல்ல சாமிகிட்ட வைக்கணும்டி" என்று அப்பா ஒரே பிடிவாதம். அதனால் இன்று காலை மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றோடும் உன் பெட்டியும் டிஸ்கும் செவ்வந்திப் பூ சூட்டிக்கொண்டு உட்கார்ந்தன. டிஸ்கின் முகப்பு வழவழவென்று இருந்ததால் சந்தனம் நிற்காமல் வழுக்கியது. அவர் உடனே அதைத் திருப்பி, பின்பக்கம் கேபிள் செருகும் வாய்க்குள் தாராளமாக அப்பிவிட்டார். அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் குங்குமம் வேறு. மேதா "ஐயோ அப்பா, உள்ள ஊசியெல்லாம் போச்சு!" என்று கத்தினாள். "ஸ்கூட்டருக்கு ஹெட்லைட்ல வைக்கலையா, அது எரியலையா?" என்று அவளையே மடக்கினார். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் கற்பூரமும் காட்டியாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை வரை தொடக்கூடாது. எனக்கு இதிலெல்லாம் எவ்வளவு நம்பிக்கை என்று உனக்குத் தெரியும். அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது துடைத்துவிடலாம் என்றும் தோன்றியது, செய்யவில்லை. சாயங்காலத்திலிருந்து அவரே அடிக்கடி போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறார். இப்போது அவருக்கும் பயம்.

குளிர் தொடங்கும் முன் நல்ல கம்பளிக் கோட்டாக ஒன்று வாங்கிக்கொள், ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாதே. தீபாவளிக்கு ஃபோன் செய்யும்போது அப்பாவிடம் இந்தச் சந்தனப் பேச்சை நீயாக எடுக்க வேண்டாம், மறந்துவிடாதே. நோய்நொடி இல்லாமல், மனசுக்கு ஒத்த வேலையோடு நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அம்மா
கனகலக்ஷ்மி

சனிக்கிழமை. இன்றும் தபாலாபீஸ் விடுமுறை, கவரை ஒட்டவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். புனர்பூஜை முடிந்ததும் பழைய டூத்பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஊசி ஊசியாகத் தேய்த்தேன், அப்பா டார்ச் பிடித்தார். ஃபேனடியில் உலர்த்தி, டிரான்ஸ்ஃபார்மர், டிஸ்க், பெட்டி என்று நீ சொன்ன வரிசையில் சுவிட்ச் போட்டோம். டிஸ்க் சுழலும் சத்தம் வந்தது, டிவியில் ஒன்றுமில்லை. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துக் கேபிளைக் கழற்றினால் ஓரத்தில் இன்னும் சந்தனம். மறுபடி தேய்த்துப் போட்டதும் படம் வந்துவிட்டது. ஆட உட்கார்ந்த அப்பா சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தார். மத்தியானம் மேதா, "அப்பா, அம்பாரி கிளம்பிடுத்து, ஜம்பு சவாரி ஊர்வலம் பாக்கணும், சேனல் மாத்துங்கோ" என்று கெஞ்சினாள். "ஆனை அடுத்த வருஷமும் வரும்டி, இரு, இந்தப் பாலத்தைத் தாண்டிக்கறேன்" என்றார். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிக் கேட்க வந்த சந்துருவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "நம்ம மாதவ் பண்ணினதுப்பா இது" என்றார். அவன் போனபிறகு, மாதவை பாங்குக்கு அப்ளிகேஷன் போடச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எந்த பாங்க்?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.