மெத்தைக் கடையில் பாடிய ஸ்பீக்கர்

பெருங்களத்தூர்

அன்பு மகள் ஹேமாவதிக்கு,

நீ விட்டுப்போன ஸ்பீக்கர் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை விற்க இருந்தேன், விற்கவில்லை. பதறாதே, முழுசாகப் படி. நானும் அம்மாவும் சுகம், தாம்பரத்தில் கடையும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

நீ போன பிறகு அம்மாவுக்குச் சாயங்காலத்தில் பாட்டுதான் துணை. உன் அறையில் தனியாக உட்கார்ந்து கேட்கிறாளே என்று நான்தான் ஸ்பீக்கரை ஹாலுக்கு மாற்றி, இடத்தை அடைக்காமல் இருக்கட்டுமென்று மூலைக்கு ஒன்றாகச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். அன்றைக்குப் பிடித்தது பேஜார். "இன்னா பாடுறாங்கன்னே புரியல, டம் டம்முனு மட்டும் கேக்குது" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். கீழ்வீட்டு கிட்டு சார், பேங்கில் ரிடையர் ஆனவர், மாடியேறி வந்து, "சிட்டிபாபு சார், என் தலைக்கு மேல மாவு மெஷின் ஓடறது, அசோசியேஷன்ல சொல்லட்டுமா?" என்றார். அன்றோடு அம்மா பாட்டையே நிறுத்திவிட்டாள். சாயங்காலமானால் பால்கனியில் நின்று ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்க்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. இதை விற்று அவளுக்கு ஒரு சின்ன ரேடியோ வாங்கித் தரலாமென்று முடிவு பண்ணினேன்.

வாங்க வந்தவன் உமேஷ், மறைமலை நகரில் வேலை பார்க்கிற பையன். போட்டுக் கேட்டுவிட்டு, "அங்கிள், உள்ள என்னமோ கிழிஞ்சிருக்கு, பாதி விலைக்குக் குடுங்க" என்றான். வாங்குகிறவன் சரக்கைக் குறை சொன்னால் அவனுக்கு அது வேண்டும் என்று அர்த்தம், இத்தனை வருஷம் மெத்தை விற்ற எனக்கா தெரியாது? வீட்டில் சத்தத்தைக் கூட்டினால் கிட்டு சார் வந்துவிடுவார், அதனால் கடைக்குத் தூக்கிப் போய் மெத்தைகளுக்கு நடுவில் வைத்துப் போட்டுக் காட்டினேன். ஹேமா, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் காதில் விழுந்தது! உமேஷ் உடனே முழு விலைக்கு எடுத்துக்கிறேன் என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது, கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, நம் ஹாலில். வழவழ டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடிக் கதவு, எதில் பட்டாலும் சத்தம் திரும்பி வருகிறது. உன் அறையில் கட்டில் மெத்தை, துணிமணி, புத்தகம் எல்லாம் அதை வாங்கிக்கொண்டது. அந்தப் பையனுக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, அவன் முறைப்பையும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரை மூலையிலிருந்து நன்றாக முன்னால் இழுத்து, சோபாவைப் பார்த்தாற்போல் லேசாகத் திருப்பி, அடியில் தடித்த ரப்பர் போட்டு, தரையில் கம்பளமும் கண்ணாடிக்குக் கனமான திரையும் போட்டேன். அம்மா சோபாவில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் இப்படி, ஐயோ போதும் என்று அதிகாரம் பண்ண, நான் நகர்த்தி நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், "இப்பதான் வாயத் தொறந்து பாடுறாங்க" என்றாள். கிட்டு சாரைக் கீழேயே இருக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் போன் பண்ணி, "என்ன சார், இன்னும் போடலையா?" என்கிறார்!

நீண்ட ஆயுசோடு நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு. காதில் ஹெட்போனோடு ரோடு கடக்காதே. கிட்டு சாரோடு பேசி முடித்தது இது, நீ லீவில் வந்தாலும் இதுதான்: பாட்டு ஆறிலிருந்து எட்டு வரை, டம் டம்மென்கிற அந்த பேஸை யாரும் ஏற்றக் கூடாது, வெள்ளிக்கிழமை மட்டும் அவர் மேலே வந்து சோபாவில் உட்காருவார், அன்றைக்குப் பாட்டு அவர் இஷ்டம், காபி நம்முடையது.

இப்படிக்கு,
உன் அப்பா
சிட்டிபாபு