கல் வட்டத்தில் தப்பிய கோடு

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் சுகம். அங்கே நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல எழுத வந்தேன், இந்த முறை கை நின்றுவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் என் மானம் போன கதையைக் கேள்.

ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கல் வட்டத்தை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி வரைபடத்தில் காட்டி வந்தேன் இல்லையா. ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த நாளில் சூரியன் எந்தத் திசையில் எழும் என்று கணக்குப் போட்டு, நடுக்கல்லிலிருந்து ஒரு சிவப்புக் கோடு இழுத்தோம். சொல்லிவைத்தாற்போல அது இரண்டு கற்களுக்கு நடுவே போனது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தலைமையாசிரியையிடம் மல்லுக்கட்டி வேன் வாங்கி, அன்று விடியலில் முப்பத்தோரு பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் குளிரில் நிறுத்தினேன். நேரம் வந்தது, சூரியன் வரவில்லை. கால் மணி கழிந்தும் வரவில்லை, மேகமும் இல்லை. சூரியனுக்கு இன்னைக்கு லீவா டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கூட வந்திருந்த தலைமையாசிரியை சிரிக்கவில்லை. முதல் பீரியடுக்குத் திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளை வேனில் ஏற்றினார், இந்த வரைபட வகுப்பே இனி வேண்டாம் என்று அவர்கள் காது கேட்கவே சொன்னார். கடைசியாக நான் ஏறும்போதுதான் வேன் டிரைவர், அங்க பாருங்க டீச்சர் என்றார். நான் காட்டிய இடத்துக்கு வலப்பக்கம், அடுத்த இரண்டு கற்களுக்குச் சரியாக நடுவில் சூரியன். கிழக்கே ஒரு குன்று இருக்கிறது, தினமும் பஸ்ஸில் பார்க்கிற குன்றுதான். மேலேயிருந்து எடுத்த படத்தில் அது வெறும் பச்சைத் திட்டு, அதன் உயரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன், அதைத் தாண்டி ஏறி வருவதற்குள் சூரியன் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. கல் நட்டவர்கள் அங்கேயே நின்று பார்த்து நட்டிருக்கிறார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள்.

அன்று மாலை உன் அண்ணனிடம் சொல்லி அழுதேன். பேச்சோடு பேச்சாக, ஞாயிறுதோறும் அதே வரைபடத்தில் உன் வீட்டுக் கூரையையும் பின்னால் இருக்கும் மரத்தையும் பார்ப்பேன், அதில்தான் எனக்குத் தைரியம் என்றேன். அவன் முகம் மாறியது. அவ அந்த வீட்ட விட்டு வந்து எட்டு மாசம் ஆச்சும்மா, ஒன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டா என்றான். எட்டு மாதமாக நீ இல்லாத கூரையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் சின்னு. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, நீ ஒருமுறை போனில் அழுதபோது மாப்பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பொறுத்துப் போ என்று வாயை அடைத்தது நான்தான் என்று ஞாபகம் வந்தது. இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. தனியாக இருக்கிறாய், கதவைப் பூட்டினாயா என்று இரண்டு தடவை பார். என் ஆயுசும் சேர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும். கவரில் முகவரி எழுதாமல் அண்ணனிடம் கொடுக்கிறேன், அவன் எழுதி அனுப்புவான். என்னிடம் சொல்ல உனக்கு இஷ்டமில்லை என்றால் முகவரி வேண்டாம். உன் ஜன்னலில் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, எதிரே எது மறைக்கிறது என்று மட்டும் மறக்காமல் எழுது. இந்த முறை மறைப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா